ஒன்பதரை மணிக்கு வரும் போன்

கேபிள் வேலை பார்ப்பவனிடம் ஊர்க்காரர்களின் ரசனை புகாராகத்தான் வந்து சேரும். தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் லைன் பார்க்கிற எனக்கு, எந்தத் தெருவில் எந்த நாடகம் ஓடுகிறது என்பது போன் அடிக்கிற நேரத்தை வைத்தே தெரிந்துவிடும். சாயங்காலம் படம் புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் "காலைல வந்து பாருப்பா" என்று விட்டுவிடுவார்கள். அதே கோளாறு ராத்திரி ஒன்பதரைக்கு வந்தால் தெருவே கூப்பிடும். டீக்கடையில் "சீரியலா, அந்தக் கருமத்த எவன் பாப்பான்" என்று சொல்லும் ஆள்தான் முதலில் கூப்பிடுவார். "வீட்ல பொம்பளைங்க சத்தம் போடுறாங்க தம்பி" என்பார். காதைத் தீட்டிக் கேட்டாலும் பின்னால் ஒரு சத்தமும் இருக்காது.

எங்கள் பக்கம் கோளாறுக்குப் பஞ்சமே இல்லை. உப்புக் காற்று கனெக்டரைத் தின்றுவிடும். கழற்றினால் உள்ளே பச்சையாகப் பூத்துப் பொடியாக உதிரும். அந்த முனையை வெட்டி எறிந்து, ஒயரைப் புதிதாகச் சீவி, புது கனெக்டர் மாட்டி, டேப்பை இறுக்கிச் சுற்ற வேண்டும். நான் ஏணியில் நிற்க, கீழே ஒரு கூட்டம் கூடி அதுவரை பார்த்த கதையை அலசிக்கொண்டிருக்கும். "நீ ஏறும்போது அவ வீட்ட விட்டுக் கெளம்பிட்டு இருந்தா. போனாளா இல்லையான்னு தெரியல. வெரசாப் போடு" என்று ஒரு அக்கா அவசரப்படுத்துவார். இந்த அவசரத்தை எந்த விமர்சனத்திலும் நான் படித்ததில்லை.

விசைப்படகுகள் திங்கள், புதன், சனி கடலுக்குப் போகும். அன்றைய ராத்திரிக் கதை ஆண்களுக்குத் தப்பிவிடும். மறுநாள் வீட்டில் யாராவது சொல்லித்தான் தெரிய வேண்டும். பில் வசூலுக்குப் போகும்போது இந்தச் சொல்லலைக் கேட்டிருக்கிறேன். ஒரே வீட்டில் மாமியார் "அவ எதுத்துப் பேசிட்டா" என்று சொன்ன காட்சியை, மருமகள் "அவ ஒரு நியாயத்தக் கேட்டா" என்று சொன்னார். இரண்டு பேரும் பார்த்தது ஒரே டிவியில், ஒரே பாயில் உட்கார்ந்து. நடுவில் இருந்த மனுஷன் சோற்றைப் பிசைந்தபடி "சரி, அப்புறம்?" என்றாரே தவிர, எந்தப் பக்கமும் சாயவில்லை.

மீன்பிடித் தடைக்காலம்தான் எங்களுக்குச் சோதனை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகெல்லாம் கரையில் கிடக்கும், ஆண்கள் வீட்டில் இருப்பார்கள். ஐபிஎல்லும் அந்த நேரம் பார்த்துத்தான் வந்து தொலைகிறது. ரிமோட்டுக்குச் சண்டை. இரண்டாவது செட்டாப் பெட்டி கேட்டு வருகிறவர்கள் அந்த மாதங்களில் அதிகம். வருமானம் இல்லாத காலத்தில் கூடுதலாக ஒரு மாதக் கட்டணம் கட்டத் துணிகிறார்கள் என்றால், சீரியலை விடவும் மனசில்லை, சண்டை போடவும் தெம்பில்லை என்றுதான் அர்த்தம்.

காசு என்று வந்தால்தான் நிஜமான பிடித்தம் வெளியே வரும். 2019-இல் சேனலுக்குச் சேனல் விலை என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் போட்ட விதி நடைமுறைக்கு வந்தபோது வீடு வீடாகப் போய் எது வேண்டும் என்று எழுதி வாங்கினோம். சன் டிவி 19 ரூபாய், விஜய் 17 ரூபாய். அதுவரை "நாங்க நியூஸ் மட்டுந்தான்" என்று சொன்ன வீடுகளில் கூட முதலில் டிக் விழுந்தது நாடகம் போடும் சேனலுக்கு. ஆங்கிலச் சேனல் ஒன்றைப் பிள்ளைகளின் படிப்புக்காக எழுதச் சொன்ன ஒரு அண்ணன், கூட்டிப் பார்த்துவிட்டு அதைத்தான் முதலில் அடித்தார்.

சன் டிவியில் 'எதிர்நீச்சல்' சீரியல் ஓடிய காலத்தை மறக்க முடியாது. படித்த மருமகள்களை அடுப்படியில் அடைத்து வைக்கும் ஆதி குணசேகரனை வையாத பெண்கள் கிடையாது; அவர் வராத நாளில் கதை சப்பென்று இருக்கிறது என்று சொல்லாதவர்களும் கிடையாது. 2023 செப்டம்பர் 8 அன்று, அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில், குணசேகரனாக நடித்த மாரிமுத்து நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். அன்றைக்கு ஏலக்கூடத்தில் மீன்கூடையோடு நின்ற ஒரு அம்மா, "பாவி, எவ்வளவு வஞ்சுட்டேன் அவர" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அப்புறம் அந்த வேடத்துக்கு வேல ராமமூர்த்தி வந்தார். பெருநாழிக்காரர், எங்கள் ராமநாதபுரம் மாவட்டம். ஊர் இரண்டாகப் பிரிந்தது. "நம்ம ஜில்லாக்காரர், மீசையே பேசும்" என்று ஒரு கட்சி. "மீசை பேசுது சரி, அந்த நக்கல் எங்க?" என்று இன்னொரு கட்சி. நான் இரண்டாவது கட்சி. புதியவரிடம் பயம் இருந்தது. பழையவரிடம் பயத்தோடு சிரிப்பும் வந்தது. நம் வீட்டுப் பெரியவர் ஒருவரைப் பார்க்கிற மாதிரி இருந்ததால்தான் அவரை அப்படி வைய முடிந்தது. இதை வசூலுக்குப் போன இடத்தில் சொல்லி, சொந்த ஊர்ப் பாசம் இல்லாதவன் என்ற பேரும் வாங்கினேன்.

படங்களில் கதை வேறு. கடலைக் காட்டும் படம் என்றால் இங்கே தராசு வேறு. வலை நனைந்திருக்கிறதா, வள்ளத்தில் ஆள் எங்கே நிற்கிறான், காற்று எந்தப் பக்கம் என்றுதான் பார்ப்பார்கள். 'படகோட்டி'க்கு மட்டும் விலக்கு. 1964 தீபாவளிக்கு வந்த படம். அடுத்த மாதமே தனுஷ்கோடியைப் புயல் கொண்டுபோனது. "புயலடிச்ச வருசத்துப் படம்" என்றே பெரியவர்கள் சொல்வார்கள். எம்.ஜி.ஆர். துடுப்பு பிடிப்பது சரியா என்று கேட்டேன் ஒரு தாத்தாவிடம். "துடுப்பப் பாக்கவா போனோம்?" என்றார்.

'கன்னத்தில் முத்தமிட்டால்' வேறு மாதிரி. ஈழத்திலிருந்து படகேறி ராமேஸ்வரம் வந்து பிள்ளை பெற்று, விட்டுப்போகும் தாயின் கதை. மண்டபம் அகதிகள் முகாமில் ஒரு வீட்டில் பெட்டி மாற்றிக்கொண்டிருந்தபோது அந்தப் படம் ஓடியது. "படகு சீன் முடியிற வரைக்கும் மாத்துங்கோ, பிறகு பாட்டுக்கு வையுங்கோ" என்றார் அந்த வீட்டு அம்மா. பாட்டெல்லாம் பிடிக்குமாம். நான் சேனலை மாற்றிவிட்டு என் வேலையைப் பார்த்தேன்.

இப்போது போனிலேயே எல்லாம் வந்துவிட்டதால் இளவட்டங்கள் எங்களைத் தேடுவதில்லை. வயதானவர்கள் மட்டும் விசுவாசமாக இருக்கிறார்கள். அந்த விசுவாசத்துக்கு ஒரு விலையும் உண்டு. 'எதிர்நீச்சல்' இரண்டாம் பாகம் தொடங்கியதும் பாம்பனில் ஒரு அக்கா பணம் தர மாட்டேன் என்று வாசலில் நின்றார். கதாநாயகி ஜனனியாக வேறு பெண் நடிப்பதுதான் காரணம்.

"ஆள மாத்துனது நான் இல்லக்கா" என்றேன்.

"மாசாமாசம் காசு வாங்குறது நீதான?"