அதே துளை, அதே பூட்டு

கத்திக் கடையில் நிற்பவனிடம் அடிக்கடி வரும் கேள்வி, "இது அதோட காப்பிதானே?" என்பதுதான். மடக்குக் கத்தி வாங்க வருகிறவர்கள் பெரும்பாலும் எல்லாம் படித்துவிட்டு வருகிறவர்கள். ஆமாம், இல்லை என்று ஒரே வார்த்தையில் பதில் வேண்டும் அவர்களுக்கு.

அமெரிக்கக் கத்தி நிறுவனமான ஸ்பைடர்கோ அலகில் போடும் வட்டத் துளையை எடுத்துக்கொள்வோம். கட்டைவிரலால் தள்ளி ஒரே கையில் அலகைத் திறப்பதற்காக, 1981இல் வந்த கத்தியில் போட்டது. அதன் காப்புரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனால் அந்த வட்டம் அவர்களுடைய வணிகச் சின்னமும்கூட. அவர்களுடைய மலிவு விலை 'பேர்ட்' வரிசைக்கே துளை வால்நட்சத்திர வடிவில்தான்!

ஒருமுறை ஒருவர் போலி ஒன்றைக் கொண்டுவந்தார். கிளிப், சின்னம், எஃகின் பெயர் எல்லாம் அச்சு அசல். திறக்கப் பார்த்தால் விரல் வழுக்கியது. அசலில் துளையின் விளிம்பு கூர்மையாக இருக்கும், விரல் சதையைப் பிடிக்கும். இதில் வழவழவென்று தேய்த்துவிட்டிருந்தார்கள். துளை எதற்கு என்றே செய்தவருக்குத் தெரியவில்லை.

கிறிஸ் ரீவ் என்ற கத்தி வடிவமைப்பாளர் தன் 'செபென்சா' கத்தியில் கொண்டுவந்த பூட்டின் கதை வேறு. கைப்பிடியின் டைட்டானியத் தகட்டையே கீறி நாக்குபோல விட்டிருப்பார். கத்தியைத் திறந்ததும் அது உள்ளே வளைந்து அலகின் அடிக்கு முட்டுக்கொடுக்கும். இன்று அதைப் பயன்படுத்தாத கம்பெனி குறைவு. ஸ்பைடர்கோ அதை 'ரீவ் இன்டெக்ரல் லாக்' என்று அவர் பெயரைச் சொல்லியே குறிப்பிட்டிருக்கிறது. இதைக் காப்பி என்று சொல்ல எனக்கு வாய் வராது.

சரி, போலியையே நேர்த்தியாகச் செய்திருந்தால்? அப்படியும் வருகிறது. அடுத்தவர் பெயரைப் பொறித்திருந்தால் பேச்சே இல்லை, கடைக்குள் விடமாட்டோம். பெயர் போடாமல் உருவத்தை மட்டும் அப்படியே எடுத்தவற்றில்தான் எங்களுக்குள் சண்டை. "வாங்குறவர் ஏமாறலையே" என்பார் கூட வேலை பார்ப்பவர். எனக்கு மனசு ஒப்பவில்லை. பெஞ்ச்மேட் நிறுவனத்தின் 'ஆக்சிஸ்' பூட்டில், குறுக்கே ஒரு சிறு கம்பி நகர்ந்து அலகைப் பிடித்துக்கொள்ளும். அதன் காப்புரிமை முடிந்த பிறகு, அதே வகைப் பூட்டு கெர்ஷா கம்பெனியில் 'டியூராலாக்', ஹோக் கம்பெனியில் 'ஏபிள் லாக்' என்று வந்தது. பூட்டு மட்டும்தான் அந்த வகை. அலகும் பிடியும் அவரவர் வடிவம். அவற்றை நான் முன்வரிசையில் வைக்கிறேன். பிடியின் வளைவு உள்ளங்கையில் எங்கே உட்கார வேண்டும் என்று தேடிக் கண்டுபிடிக்கத்தான் நாள் பிடிக்கும். அதைச் சும்மா எடுத்துக்கொண்டவரை, தேடிக் கண்டுபிடித்தவரோடு சேர்த்து வைக்க முடியாது.

கடைசியில், பெயர் போடாமல் உருவத்தை மட்டும் எடுத்த ரகத்தைக் கேட்டு வருபவரிடம் அது யாருடைய வடிவம் என்று சொல்லிவிட்டு விற்பது என்று பேசி வைத்திருக்கிறோம். சிலர் அதைக் கேட்டுவிட்டு அசலின் விலையை விசாரிப்பதும் உண்டு. விலையைச் சொன்னதும் பாதிப் பேர் பழையபடி இதற்கே வந்துவிடுவார்கள்.