காலேஜ் பெரிசா, யூனிவர்சிட்டி பெரிசா?

போன வாரம் அக்கா மகள் கையில் ஏதோ ஒரு கல்வி நிறுவனத்தின் பளபள கையேட்டோடு வந்து, "மாமா, காலேஜ் பெரிசா யூனிவர்சிட்டி பெரிசா?" என்று கேட்டாள். யூனிவர்சிட்டி என்று சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அமெரிக்காவில் டார்ட்மவுத் காலேஜ் பெயரில்தான் காலேஜ், பிஎச்டி வரை கொடுக்கிறார்கள். எம்ஐடி (மாசசூசெட்ஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி) பெயரில் இரண்டுமே கிடையாது. இங்கிலாந்தின் ஈட்டன் காலேஜ் என்னவென்று பார்த்தால், அது பள்ளிக்கூடம்!

பெயர்ப்பலகையை விடு, பட்டத்தில் யார் முத்திரை விழும் என்று கேள் என்றேன். இந்தியாவில் பெரும்பாலான கல்லூரிகளில் பாடம் நடத்துவது, வருகைப்பதிவு எடுப்பது, ஃபீஸ் வாங்குவது எல்லாம் கல்லூரிதான், ஆனால் பட்டம் அது இணைந்திருக்கிற பல்கலைக்கழகத்தினுடையது. தன்னாட்சிக் கல்லூரி சொந்தமாகப் பாடத்திட்டம் போட்டுத் தேர்வு வைத்தாலும் இதே கதைதான்.

அடுத்தது, படிப்பு எந்தப் படிநிலையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இளங்கலை, முதுகலை, முனைவர் என்று மூன்று படிகள்; டிப்ளமோவும் சான்றிதழும் இதற்கு வெளியே. அமெரிக்காவில் இளங்கலைக்கும் கீழே அசோசியேட் என்று 2 வருடப் பட்டம் உண்டு. பெரும்பாலும் கம்யூனிட்டி காலேஜில் குறைந்த செலவில் அதை முடித்துவிட்டு, முடித்த பாடங்களுக்கான கிரெடிட்டுகளை ஏற்றுக்கொள்கிற பல்கலைக்கழகத்தில் நேராக மூன்றாம் வருடம் போய்ச் சேர்கிறவர்கள் நிறைய. எனக்கென்னவோ இது புத்திசாலித்தனமான வழியாகத்தான் படுகிறது.

பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. எம்.டி. என்றால் இந்தியாவில் எம்.பி.பி.எஸ். முடித்தபின் படிக்கும் முதுகலை, அமெரிக்காவில் டாக்டராகும் முதல் மருத்துவப் பட்டமே அதுதான். ஸ்காட்லாந்தின் பழைய பல்கலைக்கழகங்களில் கலைப் பிரிவில் சேர்ந்தால் 4 வருடம் கழித்துக் கிடைக்கும் முதல் பட்டமே எம்.ஏ. இதைவிட வேடிக்கை ஆக்ஸ்ஃபோர்டு: அங்கே பி.ஏ. வாங்கியவர், சேர்ந்ததிலிருந்து 21 டெர்ம் (கல்விப் பருவம்) கடந்தால் எந்தப் பரீட்சையும் எழுதாமல் எம்.ஏ. ஆகிவிடலாம்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு அவள் கையேட்டைப் பின்பக்கம் திருப்பினாள். அட்டையில் கறுப்பு அங்கியும் பட்டமளிப்புத் தொப்பியும், கூடவே கொட்டை எழுத்தில் 'சர்வதேசத் தரம்'. கடைசிப் பக்கத்தின் அடியில், கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில் ஒரு வரி: படிப்பை முடித்தவர்களுக்கு நிறுவனத்தின் சான்றிதழ் வழங்கப்படும். பட்டம் என்ற சொல்லைத் தேடித் தேடிப் பார்த்தோம், எங்கேயும் இல்லை.