லேபிள் வேலைக்கு ஒரு பேர்: கிருஷ்ணகிரி நாட்குறிப்பு

ஜூன் 2, திங்கள்

ஓசூர் வேலையிலிருந்து விடுபட்டாயிற்று. இனி லேபிள், கவர், அட்டைப்பெட்டி எல்லாம் வீட்டு மாடியறையில் உட்கார்ந்து என் சொந்தப் பொறுப்பில் வடிவமைத்துக் கொடுக்கப் போகிறேன். வேலைக்குப் பஞ்சமில்லை. பெங்களூரா மாங்காய் வரத்து கூடிக்கொண்டே போகிறது, மாங்கூழ் ஆலைகள் இரவு பகலாக ஓடுகின்றன. காவேரிப்பட்டணம் பக்கத்து ஆலை ஒன்று டின் லேபிள் கேட்டிருக்கிறது. பாலக்கோட்டில் ஒருவருக்கு வெல்லப் பை, ஊத்தங்கரையில் ஒருவருக்குப் புளிப் பாக்கெட். இல்லாதது தொழிலுக்கு ஒரு பேர்தான்.

ஆலைக் கணக்காளர் இன்று போனில் கேட்டார்: “பில்லு எந்தப் பேர்ல வரும், மேடம்?” இப்போதைக்கு என் பேரிலேயே வரும் என்றேன், சரி என்றார். தனி ஆளாகத் தொழில் செய்பவர் சொந்தப் பேரிலேயே பில் போடலாம், தடையில்லை. ஆனாலும் எனக்குத் தனிப் பேர் வேண்டும். நாளைக்கு இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு வேலை செய்யும்போது, அவர்களும் தங்களுடையது என்று சொல்லிக்கொள்ளக்கூடிய பேராக இருக்க வேண்டும்.

அம்மா சொன்னது: “எதா இருந்தாலும் ஆனிக்குள்ள முடிச்சிடு. ஆடியில புதுசா ஒண்ணும் ஆரம்பிக்க வேணாம்.”

ஜூன் 5, வியாழன்

பட்டியல் போட்டேன். மனசு முதலில் ஊர்ப் பெருமைக்குத்தான் போனது: தகடூர், அதியமான், நெல்லிக்கனி, பாரமகால்.

தகடூர் தருமபுரியின் பழைய பேர். அதியமான் அங்கே ஆண்டவன், ஔவைக்கு நெல்லிக்கனி கொடுத்தவன். இரண்டுமே அழகான பேர்கள், அதனாலேயே இங்கே பள்ளி முதல் ஓட்டல் வரை பலகையில் ஏறிவிட்டன. இன்னொரு தகடூரை யார் நினைவில் வைத்துக்கொள்வார்கள்? பாரமகால்மீது எனக்கு ஆசை அதிகம். 1792-இல் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு மாறியபோது இந்தச் சீமைக்கு அதுதான் பேர். பின்னாளில் சென்னை ஆளுநரான தாமஸ் மன்றோ, கம்பெனி அதிகாரி அலெக்ஸாண்டர் ரீடின் கீழ் நிலவரி வேலை பழகியது இங்கேதான். சித்தப்பா மகனிடம் சொன்னேன். “கல்யாண மண்டபமா அக்கா?” என்றான். அவன் மேல் தப்பில்லை, பள்ளிக்கூடத்தில் அவனுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை.

ஊர்ப் பேரில் இன்னொரு சிக்கலும் உண்டு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டத்தின் 9-வது பிரிவுப்படி, பொருள் அல்லது சேவை எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை மட்டும் சொல்லும் பேருக்குப் பதிவு கிடைப்பது கடினம். ‘கிருஷ்ணகிரி லேபிள்ஸ்’ என்று வைத்தால் அது எனக்கு மட்டும் சொந்தமாகாது. ஆகவும் கூடாது, ஊர் எல்லாருக்கும் பொது.

ஜூன் 8, ஞாயிறு

இன்று முழுக்கப் போன்தான். தெரிந்தவர்களைக் கூப்பிட்டு ஒவ்வொரு பேரையும் ஒரு தடவை மட்டும் சொன்னேன். காதில் விழுந்ததை இங்கிலீஷ் எழுத்தில் அடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னேன். இணைய முகவரி என்பது கடைசியில் இதுதானே: ஒருவர் வாயால் சொல்ல, இன்னொருவர் கையால் அடிப்பது.

எங்கள் மாவட்டத்தில் இது லேசான காரியமில்லை. தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கன்னடம், வேப்பனப்பள்ளி, பர்கூர்ப் பக்கம் தெலுங்கு, டவுனில் உருது. எல்லாரும் தமிழ் பேசுவார்கள், ஆனால் காதும் எழுத்தும் அவரவர் மொழியில் பழகியவை.

‘எழில்’ என்று சொல்லிப் பார்த்தேன். என் தோழி இ, இசட், எச், ஐ, எல் என்று சரியாக அனுப்பினாள். தளி ராகி வியாபாரி இ, எல், ஐ, எல் என்று அனுப்பினார். வேப்பனப்பள்ளி அக்கா ஒரு ஒய்யை முன்னால் சேர்த்துவிட்டார். ழகரம் வந்தாலே இப்படித்தான். தமிழ் எழுத்தில் எனக்கு அது உயிர், இங்கிலீஷ் எழுத்தில் போகும்போது ஆளுக்கு ஒரு பேராகிவிடுகிறது.

அடுத்து ‘ஒட்டு’. இது நானே யோசித்து மகிழ்ந்த பேர். லேபிளும் ஒட்டுவது, சந்தூர் நாற்றங்கால்களில் விற்கிற மாங்கன்றும் ஒட்டு. போனில் சொன்னதும் அக்கா, “ஓட்டா? எலெக்ஷனுக்கா?” என்று கேட்டார். குறில் நெடில் வித்தியாசம் போனில் பாதி தேய்ந்துவிடுகிறது, இங்கிலீஷ் எழுத்தில் மீதியும் போய்விடுகிறது. டி ஒன்றா இரண்டா என்று வேறு ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டும்.

‘லேபிள்’ என்ற சொல்லையே சேர்த்தால் என்ன என்று பார்த்தேன். பாதிப் பேர் கடைசி இரண்டு எழுத்தை மாற்றி அடிக்கிறார்கள். ‘டிசைன்’ என்பதிலும் ஜியும் என்னும் இடம் மாறுகின்றன. ஊரில் எத்தனையோ கடைப் பலகையில் அப்படித்தான் இருக்கிறது. நடுவில் சிறு கோடு போட்டுப் பிரிக்கலாம், விதிப்படி எழுத்து, எண், கோடு மூன்றும் செல்லும். ஆனால் “நடுவுல ஒரு கோடு” என்று சொன்னால் அடிக்கோடு போட்டு அனுப்புகிறார்கள். கோடு வேண்டாம், எண்ணும் வேண்டாம் என்று முடிவு செய்தேன்.

ஜூன் 10, செவ்வாய்

மாங்கூழ் டின் லேபிள் அச்சுக்குப் போனது. பேர் வேலை நகரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

பாலக்கோடு போய் வந்தேன். வெல்லக்கார அண்ணன் கொட்டகையில் பாகு வடிக்கும் நேரம். வாசலிலேயே பழைய பைகளை எடுத்துக் காட்டினார். ஒவ்வொரு பையின் பின்பக்கமும் கீழே ஒரு வெள்ளை ஸ்டிக்கர். நகத்தால் சுரண்டிப் பார்த்தேன், அடியில் ஒரு இணைய முகவரி.

நடந்தது இதுதான். சில வருஷத்துக்கு முன் ஒருவர் அவருக்கு இணையதளம் செய்து கொடுத்திருக்கிறார். முகவரியையும் அவரே தன் கணக்கில், தன் மின்னஞ்சலில் வாங்கியிருக்கிறார். பிறகு ஆள் ஊர் மாறினார், நம்பரும் மாறியது. புதுப்பிக்கும் தேதி வந்ததும் நினைவூட்டல் எல்லாம் அவருடைய பெட்டிக்கே போயின. அண்ணனுக்கு எதுவும் தெரியாது. ஒரு நாள் பெங்களூரு கடைக்காரர் கூப்பிட்டு, “உங்க சைட்ல வேற என்னமோ வருதே” என்று சொன்ன பிறகுதான் தெரிந்திருக்கிறது.

டாட் காம் முகவரி காலாவதியான அன்றே கைவிட்டுப் போவதில்லை. விற்றவர் தரும் சலுகை நாட்கள் உண்டு, அது முடிந்தபின் கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் உண்டு, அப்புறம் 5 நாள் கழித்துத்தான் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படி திறந்துவிடுவார்கள். இவ்வளவு அவகாசம் இருந்தும், சொல்ல ஆளில்லாமல் போய்விட்டது.

அச்சடித்த பை கொட்டகையில் கட்டுக் கட்டாகக் கிடந்தது. இந்தப் பைகளை உருளையில் செதுக்கி அச்சடிக்கிறார்கள், ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு உருளை. ஒரு வரி மாறினாலும் அந்த வண்ணத்தின் உருளையைப் புதிதாகச் செதுக்க வேண்டும். அண்ணனுக்கு அந்தச் செலவு கட்டுப்படியாகவில்லை, அதனால் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். “என் பேருதானேம்மா அது? என் பேரு எப்படி இன்னொருத்தர் கைக்குப் போகும்?” என்று கேட்டார். கேட்கும்போது வயிறு எரிந்தது. உழைத்துச் சம்பாதித்த பேர்.

திரும்பும்போது பஸ்ஸில் என் பேரைப் பற்றி யோசித்ததைவிட, அது யார் கையில் இருக்கும் என்பதைப் பற்றித்தான் அதிகம் யோசித்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

மாமா வீடு. அம்மாவின் தம்பி. பிளெக்ஸ் வருவதற்கு முன்னால் இந்த ஊர் லாரிகளுக்கும் மண்டிகளுக்கும் போர்டு எழுதியவர். கை நடுக்கம் வந்த பிறகும் தூரிகைகளை மண்ணெண்ணெயில் கழுவித்தான் வைக்கிறார்.

பேர் கிடைக்காத கதையைச் சொன்னேன். பழைய நோட்டு ஒன்றை எடுத்தார். அந்தக் காலத்தில் மண்டிக்காரர்களுக்காக வரைந்து வைத்த எழுத்து மாதிரிகள்: சிவப்பிலும் நீலத்திலும் இரண்டெழுத்து, மூன்றெழுத்து முதலெழுத்துகள், சுற்றிலும் வட்டமோ வைரமோ. மாங்காய்ப் பெட்டியிலும் வெல்லச் சாக்கிலும் போடுவது. “மூட்டை எந்த ஊருக்குப் போனாலும் இது யாருடையதுன்னு எழுத்தைப் பார்த்தே சொல்லிடுவாங்க, பாப்பா” என்றார். அப்புறம் அந்த எழுத்துகளுக்கு வியாபாரிகள் வைத்திருந்த பேரைச் சொன்னார்.

அந்தச் சொல்தான். போனில் சொல்லிப் பார்த்தேன். தளியிலிருந்தும் வேப்பனப்பள்ளியிலிருந்தும் ஒரே மாதிரி எழுத்துக் கூட்டல் வந்தது. வாங்கி முடிக்கும்வரை இங்கே எழுதப் போவதில்லை. நல்ல பேரை வெளியில் சொல்லிவிட்டு வாங்காமல் இருப்பது ஆபத்து.

ஜூன் 19, வியாழன்

வணிகச் சின்னப் பதிவகத்தின் தளத்தில் தேடினேன். பொதுத் தேடல் யாருக்கும் இலவசம். எழுத்தை வைத்துத் தேடுவது போல, ஒலியை வைத்தும் தேடலாம். நான் செய்த போன் சோதனையை அரசாங்கமே செய்து வைத்திருப்பது எனக்குப் பெரிய ஆறுதல். பொருளையும் சேவையையும் அங்கே வகுப்பு வகுப்பாகப் பிரித்திருக்கிறார்கள்: வடிவமைப்புச் சேவை 42-வது வகுப்பு, அச்சடித்த லேபிள் முதலான காகிதப் பொருள் 16-வது. இரண்டிலும் என் கண்ணுக்கு மோதல் எதுவும் தெரியவில்லை.

தனிநபருக்கு இணையம்வழி விண்ணப்பக் கட்டணம் வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவானால் 10 வருஷம், பிறகு புதுப்பிக்கலாம். இப்போதைக்கு 42 மட்டும் போதும்.

ஜூன் 21, சனி

வாங்கியாயிற்று. பேர்: விலாசம் ஆர்ட்ஸ்.

வியாபாரிகளின் முதலெழுத்துக்கு விலாசம் என்றுதான் பேர். கன்னடத்தில் விளாச என்றாலும் தெலுங்கில் விலாசம் என்றாலும் முகவரிதான், அதனால் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உணவுப் பாக்கெட்டில் தயாரிப்பவரின் பேரும் முழு விலாசமும் இருக்க வேண்டும் என்பது சட்டம். நான் நாள் முழுக்கச் செய்கிற வேலையே அதுதான். தனிச் சொல்லாக டாட் காம் கிடைக்கவில்லை. அதனால் பின்னால் ‘ஆர்ட்ஸ்’. போர்டு எழுதுகிறவர்கள் எல்லாரும் தங்கள் கடைக்கு வைத்த சொல், மாமாவும் வைத்திருந்தார். சின்னச் சொல், யாரும் தப்பாக அடிப்பதில்லை.

டாட் காம், டாட் இன் இரண்டையும் எடுத்தேன். வாங்கும்போது முதல் வருஷ விலையைப் பார்க்கவே இல்லை, புதுப்பிக்கும் விலையைத்தான் ஒப்பிட்டேன். முதல் வருஷம் காபி விலைக்குக் கொடுத்துவிட்டு அடுத்த வருஷம் பல மடங்கு கேட்கும் இடங்கள் நிறைய. முகவரியை யாரும் நிரந்தரமாக விற்பதில்லை, ஒரே தடவையில் அதிகபட்சம் 10 வருஷத்துக்குத்தான் எடுக்க முடியும். டாட் காமைப் பத்து வருஷத்துக்கும் எடுத்துவிட்டேன். கணக்கு என் பேரில், என் போன் நம்பரில். நினைவூட்டல் வரும் மின்னஞ்சல் இந்த முகவரியைச் சேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பதிலும் கவனமாக இருந்தேன்: முகவரி காலாவதியானால் அதில் இயங்கும் அஞ்சலும் சேர்ந்து நின்றுவிடும், எச்சரிக்கை வந்து சேராது. கடவுச்சொல்லின் நகல் ஒன்றை உறையில் போட்டு என் அண்ணனிடம் கொடுத்திருக்கிறேன்.

தமிழில் டாட் இந்தியா என்றே முகவரி வாங்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. பின்னணியில் கணினிகள் அதை எக்ஸ், என், இரண்டு கோடு என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாற்றிக்கொள்கின்றன. சில படிவங்கள் இன்னும் அதை ஏற்பதில்லை, அதனால் மின்னஞ்சலுக்கு அதை நம்பவில்லை. ஆனாலும் வாங்கினேன். ‘விலாசம்ஆர்ட்ஸ்’ என்று தமிழிலேயே அடித்தாலும் என் தளத்துக்குத்தான் வரும். தமிழ் லேபிள் செய்கிற எனக்குத் தமிழில் முகவரி இல்லாமல் எப்படி?

ஜூன் 27, வெள்ளி

உத்யம் பதிவு, அதாவது சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் பதிவு, முடிந்தது. அரசுத் தளத்தில் ஒரு பைசா கட்டணம் இல்லை. இந்தப் பதிவுக்குப் பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது அரசுத் தளம் இல்லை. அந்தச் சான்றிதழையும் வைத்து வங்கியில் நடப்புக் கணக்குக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஜிஎஸ்டி இப்போது தேவையில்லை. சேவை வேலைக்கு வருஷ வரவு 20 லட்சம் வரை பதிவு கட்டாயமில்லை, ஆந்திராவின் குப்பம் ஊரிலும் பெங்களூரிலும் வாடிக்கையாளர் இருந்தாலும் அப்படித்தான்.

ஜூலை 4, வெள்ளி

ஆலைக்குப் புதுப் பேரில் முதல் பில் போனது. பாலக்கோடு அண்ணனுக்குப் புதுப் பை வடிவம் தயார். இணைய முகவரியைக் கறுப்பு உருளையில் மட்டும் வரும்படி வைத்திருக்கிறேன். என்றைக்காவது மாற்ற நேர்ந்தால் ஒரே ஒரு உருளையோடு போகும். புது முகவரியை அவர் போனிலேயே, அவர் பேரிலேயே வாங்கினோம். ஓடிபி எண்ணை அவர்தான் வாசித்தார்.

ஊத்தங்கரைப் புளிக்காரரும் கூப்பிட்டார். பாக்கெட்டுக்கு வடிவம் மட்டும் போதும் என்றவர், இப்போது பேரும் வேண்டும் என்கிறார். திங்கட்கிழமை போகிறேன். அவர் வீட்டுப் பையனையும் கூட இருக்கச் சொல்லியிருக்கிறேன், போனில் பேர் கேட்டு அடித்துப் பார்க்க ஆள் வேண்டும்.