ஒரே அறை, இரண்டு கூட்டங்கள்

எங்கள் அலுவலகத்தின் கூட்ட அறைகள் ஒவ்வொன்றுக்கும் கூகுள் காலண்டரில் தனி நாட்காட்டி உண்டு. அழைப்பில் அறையைச் சேர்த்தால், அந்த நேரம் காலியாக இருந்தால் அது ஏற்றுக்கொள்ளும், இல்லையேல் தானே மறுத்துவிடும் என்பதால், இரட்டைப் பதிவுக்கு வழியே இல்லை என்று நம்பியிருந்தோம். ஆனாலும், வாடிக்கையாளரை அழைத்துக்கொண்டு கதவைத் திறப்பவர் உள்ளே வேறொரு குழு அமர்ந்திருப்பதைக் கண்டு திகைப்பது அடிக்கடி நடந்தது. வழக்கு என் மேசைக்கு வந்து சேர்ந்தபோது, வரும் மூன்று மாதப் பதிவுகளில் மோதல்களைத் தேடப் பைத்தான் என்ற நிரல்மொழியில் ஒரு சிறு நிரல் எழுதினேன்.

விதி எளியது: இரண்டு கூட்டங்களில் ஒவ்வொன்றும் மற்றது முடிவதற்கு முன்பே தொடங்கினால் அது மோதல். 11 மணிக்கு முடிவதும் 11 மணிக்குத் தொடங்குவதும் மோதல் ஆகா. நான் செய்த தவறு வேறு. பதிவுகளைத் தொடக்க நேரப்படி அடுக்கி, அடுத்தடுத்த இரண்டை மட்டும் ஒப்பிட்டேன். 9 முதல் 1 மணி வரை பயிற்சி வகுப்பு, 9.30 முதல் 10 வரை ஒரு கூட்டம், 11 முதல் 12 வரை இன்னொன்று என்றிருந்தால், மூன்றாவதை இரண்டாவதோடு மட்டும் ஒப்பிட்ட நிரல், அது வகுப்போடு மோதுவதைப் பார்க்காமலே கடந்துபோனது. அதுவரை கண்ட பதிவுகளில் கடைசியாக முடிவது எது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டபின் அது சரியானது.

வாராந்திரக் கூட்டங்களை ஏழேழு நாளாகக் கூட்டி, ஒவ்வொரு வாரத்துக்கும் தனிப் பதிவாக நானே விரித்ததும் வீண் வேலை. லண்டனில் கோடையில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே நகர்த்துவதால், அங்குள்ள சகாக்களின் காலை 10 மணி, நமக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 3.30, கோடையில் 2.30. விரிக்கும் பொறுப்பைக் காலண்டரிடமே விட்டேன். நாம் வேறு எண்ணிக்கை குறிப்பிடாவிட்டால் அது ஒரு முறைக்கு 250 நிகழ்வுகளே தரும், மீதியை அடுத்த பக்கமாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் தாமதமாகத்தான் கவனித்தேன்.

வந்த பட்டியலில் சில, அறையின் நாட்காட்டியைத் திருத்தும் உரிமை உள்ளவர்கள் அழைப்பு அனுப்பாமல் நேரடியாக எழுதிவைத்தவை. அவற்றை மறுக்க அறைக்கு வாய்ப்பே இல்லை. உரிமையைக் குறைத்ததும் அவை நின்றன. ஆனால் அதிகச் சச்சரவுக்கு இடமான பெரிய கூடத்தில் ஒரு மோதல்கூடச் சிக்கவில்லை. கீழே போய்ப் பார்த்தபோதுதான் புரிந்தது: நடுவில் மடக்குத் தடுப்பு உள்ள அந்தக் கூடத்துக்கு முழுக் கூடம், இடப்பாதி, வலப்பாதி என மூன்று நாட்காட்டிகள். முழுக் கூடத்தைப் பதிந்தாலும் பாதிகள் காலியாகவே தெரியும். ஒவ்வொரு நாட்காட்டியும் தன்னளவில் குற்றமற்றது. எந்த அறை எதனுள் அடங்கும் என்று மூன்றே வரி சேர்த்து மறுபடி ஓட்டினேன். பட்டியல் இரண்டு பக்கத்துக்கு நீண்டது.

இப்போது நிரல் தினமும் காலை 7 மணிக்கு ஓடி, மோதும் இருவருக்கும் மின்னஞ்சல் அனுப்புகிறது. யார் விட்டுக்கொடுப்பது என்பதை அவர்களே பேசிக்கொள்கிறார்கள்.