பவானிசாகருக்கு முன்னால்

தொகுதி 4 தேர்வில் தேர்ச்சி பெற்று, கலந்தாய்வில் துறை ஒதுக்கீடு பெற்று, மாவட்ட அலுவலகம் ஒன்றில் இளநிலை உதவியாளராகப் பணியேற்கும் எவரிடமும் பயிற்சி எப்போது என்று கேட்டால், பவானிசாகருக்கு எப்போது அனுப்புவார்கள் என்று அவரே திருப்பிக் கேட்பார். சத்தியமங்கலத்தை அடுத்து, பவானி ஆற்றின் அணைக்கட்டு ஊரில் இருக்கும் அந்தப் பயிற்சி நிலையத்தின் பெயரே அடிப்படைப் பயிற்சிக்கு மறுபெயராகிவிட்டது. பணியமைப்புப் பிரிவின் கண்காணிப்பாளர் என்ற முறையில், புதிதாக வருபவர்களைப் பணியில் சேர்ப்பது முதல் பயிற்சிக்கு அனுப்பித் திரும்பப் பெறுவது வரையிலான வேலைகள் என் மேசைக்குத்தான் வருகின்றன. அங்கே நடக்கும் வகுப்புகள் மீது எனக்குக் குறை ஏதும் இல்லை. ஆனால் பணியேற்கும் நாளுக்கும் பயிற்சிக்கான அழைப்பு வரும் நாளுக்கும் இடையே பல மாதங்கள் ஓடிவிடுகின்றன என்பதும், அந்த மாதங்களில் அவர் எதைக் கற்றுக்கொள்கிறாரோ அதுவே பெரும்பாலும் கடைசி வரை கைவழக்கமாக நிலைத்துவிடுகிறது என்பதும், அந்த இடைக்காலத்தைப் பற்றி எந்தச் சுற்றறிக்கையும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை என்பதும்தான் என் மனக்குறை.

முதல் நாள் முழுவதும் காகிதங்களுக்கே போய்விடும். பணியேற்பு அறிக்கையில் முற்பகலா பிற்பகலா என்பது தெளிவாக இருக்க வேண்டும்; மருத்துவத் தகுதிச் சான்று வேண்டும்; கல்விச் சான்றுகளின் உண்மைத்தன்மை அறியவும் முன்நடத்தை சரிபார்க்கவும் உரிய இடங்களுக்குக் கடிதம் போக வேண்டும்; சம்பளப் பட்டியலில் பெயர் ஏற, அரசு ஊழியர்களின் சம்பளத்துக்கான களஞ்சியம் இணையதளத்தில் விவரங்கள் பதிவாக வேண்டும். இவற்றில் எது தாமதித்தாலும் முதல் மாதச் சம்பளம் தள்ளிப்போகும். வெளியூரிலிருந்து வந்து அறை வாடகைக்கு முன்பணம் கட்டியிருக்கும் பிள்ளைக்கு, அலுவலகம் தன்னை எப்படி நடத்துகிறது என்பதற்கு அதுவே முதல் சான்றாக அமைந்துவிடுகிறது. ஆகவே, கலந்தாய்வு முடிந்து ஒதுக்கீட்டுப் பட்டியல் கைக்கு வந்தவுடனேயே, கொண்டுவர வேண்டிய சான்றுகளையும் எடுக்க வேண்டிய நகல்களின் எண்ணிக்கையையும் தொலைபேசியில் ஒவ்வொருவருக்கும் சொல்லிவிடும் பழக்கத்தை எங்கள் பிரிவில் ஏற்படுத்தியிருக்கிறோம். விதியில் இல்லாத வேலைதான். பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

பணிப் பதிவேட்டைத் தொடங்கும்போது மட்டும் நான் அவசரப்படுவதில்லை. அதன் முதல் பக்கத்தில் பெயர், தந்தை பெயர், பிறந்த தேதி, உயரம், அங்க அடையாளங்கள், விரல் ரேகைகள், கையொப்பம் ஆகியவை இடம்பெறுகின்றன. அந்தப் பக்கத்தை ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுசான்று செய்ய வேண்டும். புதியவரை எதிரில் உட்காரவைத்து, பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழைக் கையில் கொடுத்து, பிறந்த தேதியை எண்ணாலும் எழுத்தாலும் அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லி, அதன் பிறகே எழுதுகிறோம். பிறந்த தேதியில் மாற்றம் கோருவோர் பணியில் சேர்ந்த ஐந்தாண்டுகளுக்குள் விண்ணப்பித்தாக வேண்டும் என்ற விதியையும் அப்போதே சொல்லிவிடுவது வழக்கம். இருபத்து மூன்று வயதில் ஓய்வைப் பற்றி யார் யோசிப்பார்கள்? ஆனால் ஓய்வூதியக் கோப்பு கணக்காயர் அலுவலகத்திலிருந்து திரும்பி வருவதற்கு, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு முன் எவரோ அவசரத்தில் எழுதிய ஓர் எழுத்துப்பிழை காரணமாக இருந்ததைப் பணியமைப்பில் வேலை பார்த்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.

அடுத்து இருக்கை. அரசு அலுவலகத்தில் புதியவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் நீண்ட நாள் காலியாகக் கிடந்து, பக்கத்து இருக்கைக்காரர் கூடுதல் பொறுப்பாகப் பார்த்துவந்த இருக்கைதான். கூடுதல் பொறுப்பில் இருந்தவர் தன் வேலையை முதலில் முடித்துக்கொண்டு மிஞ்சிய நேரத்தில்தான் இதைத் தொட்டிருப்பார் என்பதால், அந்த இருக்கைக்கு வரும் தாள்களைப் பதியும் தன்பதிவேட்டில் நிலுவை மலைபோல் ஏறியிருக்கும். அந்தப் பதிவேட்டையும் ஒரு கட்டுக் கோப்புகளையும் கொடுத்து, "பார்த்துக்கங்க தம்பி, போகப் போகப் பழகிடும்" என்று சொல்லி நகர்ந்துவிடுவதையே நெடுங்காலமாகப் பயிற்சி என்று அழைத்து வருகிறோம். அந்த நிலுவைக்குள் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. அதில் ஒரு தகவல் அறியும் உரிமைச் சட்ட மனு இருக்கலாம். முப்பது நாள்களுக்குள் பதில் தர வேண்டும் என்பது இப்போது பலருக்கும் தெரிந்ததுதான். ஆனால் கேட்கப்பட்ட தகவல் வேறோர் அலுவலகத்தில் இருக்குமானால், பிரிவு 6(3)இன்படி ஐந்து நாள்களுக்குள் மனுவை அங்கே மாற்றி அனுப்ப வேண்டும் என்பது தெரியாமல், அது தன் பிரிவைச் சேர்ந்ததல்ல என்று எண்ணி ஓரமாக வைத்துவிடுவார். காலதாமதத்துக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய் வீதம் 25,000 ரூபாய் வரை தண்டம் விதிக்கப்பட்டால், அதைக் கட்ட வேண்டியவர் பொதுத் தகவல் அலுவலர். அதன் பிறகு அவர் அந்த இளைஞரிடம் எப்படிப் பேசுவார் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

இதனால், இருக்கை ஒப்படைப்பின்போது இரண்டு பக்கக் குறிப்பு ஒன்றை, முன்பு அந்த இருக்கையைப் பார்த்தவர் தன் கைப்பட எழுதித் தர வேண்டும் என்று வற்புறுத்தி வருகிறேன். மாதாந்திர அறிக்கைகள் எந்தத் தேதிக்குள் எங்கே போக வேண்டும், நீதிமன்ற வழக்குகள் எவற்றில் பதிலுரை நிலுவையில் உள்ளது, திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் வரும் மனுக்களில் இந்த இருக்கைக்கு எத்தகையவை வந்து சேரும், எந்தக் கோப்பில் மேலதிகாரி ஏற்கெனவே விளக்கம் கேட்டிருக்கிறார் என்பவை அதில் இருந்தால் போதும். எழுதித் தருவதில் மூத்தவர்களுக்கு ஆர்வம் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். தமக்கு எவரும் எழுதித் தரவில்லை என்பதே அவர்கள் சொல்லும் காரணம், அது உண்மையும்கூட.

இப்போது வருபவர்களில் பலர் பொறியியல் பட்டதாரிகள். பத்தாம் வகுப்பைக் கல்வித் தகுதியாகக் கொண்ட பணிக்கு, அதைவிடப் பல படிகள் மேலே படித்தவர்கள் வருகிறார்கள். மின்கோப்பு மென்பொருளை அரை நாளில் பிடித்துக்கொள்ளும் அவர்கள் திணறும் இடம், குறிப்பு எழுதுவது. பொருள் என்ன, முன்கோப்புகளில் என்ன முடிவு எடுக்கப்பட்டது, பொருந்தும் விதி அல்லது அரசாணை எது, ஆணையிடுபவர் முன்னுள்ள வழிகள் எவை என்ற வரிசையில் ஒரு விஷயத்தை அடுக்கிச் சொல்வதைக் கல்லூரி கற்றுத் தருவதில்லை. இதற்கு நான் கண்ட வழி, முடிவுற்ற பழைய கோப்புகளில் ஒரு விடுப்புக் கோப்பு, தணிக்கையில் எழுந்த ஆட்சேபம் பற்றிய ஒரு தணிக்கைத் தடைக் கோப்பு, ஒரு ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு ஆகியவற்றைப் பதிவறையிலிருந்து எடுத்துக் கொடுத்து, முதல் தாளிலிருந்து படிக்கச் சொல்வது. ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பைத்தான் எல்லோரும் ஆர்வமாகப் படிக்கிறார்கள். சிறு தண்டனைக்கு 17(அ), பெருந்தண்டனைக்கு 17(ஆ) என்று தேநீர் நேரத்தில் காதில் விழுந்துகொண்டிருந்த பிரிவுகள், குற்றச்சாட்டுக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை அறிக்கை, இறுதி ஆணை எனத் தாள் தாளாக விரியும்போது, 1973ஆம் ஆண்டின் நடத்தை விதிகளைப் பற்றித் தனி வகுப்பு எடுக்க வேண்டிய தேவையே குறைந்துவிடுகிறது.

மத்திய அரசு, புதிதாகச் சேர்வோருக்கெனக் கர்மயோகி பிராரம்ப் என்ற இணையவழிப் பாடத்தை 2022 நவம்பரில் தொடங்கியது. பணியேற்ற உடனேயே நடத்தை, நெறி, பணியாளர் கொள்கைகள் பற்றி ஓர் அறிமுகம் கிடைத்துவிடுவது அதன் நன்மை. காத்திருப்பு மாதங்களுக்கு அப்படி ஒன்று பொருத்தமானதுதான். ஆனால் காணொளியை ஓடவிட்டுச் சான்றிதழைத் தரவிறக்கிக்கொள்வது எளிது என்பதால், அதை மட்டும் நம்பி இருக்கையில் உட்காரவைப்பதை நான் ஏற்கமாட்டேன்.

பவானிசாகர் பட்டியல் வந்தவுடன் வேறு விதமான சிக்கல் தொடங்கும். பெயர் வந்தவரை விடுவிக்க அவருடைய பிரிவு அலுவலர் மறுப்பார். சட்டமன்றக் கூட்டத்தொடர், தணிக்கை, தேர்தல் பணி என்று ஏதேனும் ஒரு காரணம் எப்போதும் இருக்கும். கைக்குழந்தையோடு இருக்கும் பெண் ஊழியர் அடுத்த அணிக்கு மாற்றக் கோருவார். அவருடைய கோரிக்கையை மதித்தே ஆக வேண்டும். பிரிவு அலுவலருடைய மறுப்பை மதிக்க எனக்கு மனம் வருவதில்லை. இளநிலை உதவியாளரின் தகுதிகாண் பருவம் தொடர்ச்சியான மூன்றாண்டுக்குள் இரண்டாண்டுப் பணி என்று இருக்க, அடிப்படைப் பயிற்சி இல்லாமல் பதவி உயர்வுப் பட்டியலில் பின்தங்குபவர் அந்த ஊழியரேயன்றி, விடுவிக்க மறுத்த அலுவலர் அல்லர். விடுவிப்பு ஆணையிலேயே, அந்த இருக்கையைப் பயிற்சிக் காலத்தில் யார் கூடுதலாகப் பார்ப்பது என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுதி அலுவலகத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிடத் தொடங்கிய பிறகு, இந்த மறுப்புகள் ஓரளவு குறைந்திருக்கின்றன.

பயிற்சி முடித்துத் திரும்புபவர் பழைய இருக்கைக்கே வர வேண்டும் என்பதிலும் நான் பிடிவாதமாக இருக்கிறேன். கணக்கும் அலுவலக நடைமுறையும் படித்துவிட்டு வருபவரை, ஆள் இல்லை என்று தபால் பிரிவில் போட்டால் படித்தது பாழாகும். பயிற்சி நாள்களைப் பணிப் பதிவேட்டில் பதிந்து, சான்றிதழ் நகலைத் தனிக்கோப்பில் சேர்த்து, தேர்வாணையம் நடத்தும் துறைத் தேர்வுகளில் அவருக்குத் தேவையானவை எவை, எவற்றுக்கு இன்னும் விண்ணப்பிக்கவில்லை என்பதை அன்றே கேட்டு எழுதி வைத்துக்கொள்கிறோம். இந்த ஆண்டு தகுதிகாண் பருவம் முடிக்க வேண்டியவர்களின் பட்டியலில் இருவருக்கு உண்மைத்தன்மைச் சான்று இன்னும் வரவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அடுத்த நினைவூட்டு இந்த வாரம் போகிறது.