12 மணி நேர ஷிப்ட்டில் மூன்றாவது ஆள் எங்கே போகிறார்?

2023 ஏப்ரல் 21 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றிய, 12 மணி நேர ஷிப்ட்டுக்கு வழிவிடும் தொழிற்சாலைகள் சட்டத்தின் 65ஏ திருத்தம் மூன்றே நாளில் நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பு வந்தது. வாரத்துக்கு அதே 48 மணி நேரம்தான், நாலு நாள் வேலை, மூணு நாள் லீவு என்பதுதான் அதற்குச் சொல்லப்பட்ட நியாயம். கேட்க நன்றாகத்தான் இருக்கும், சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்க்கும் வரை.

அப்போது நடைமுறையில் இருந்த 1948 தொழிற்சாலைகள் சட்டப்படி ஒரு நாளில் 9 மணி நேரத்தைத் தாண்டினால், அந்தக் கூடுதல் நேரத்துக்கு (ஓ.டி.) டபுள் சம்பளம். 12 மணி நேரம் வீதம் நாலு நாள் என்றால் வாரத்தில் 12 மணி ஓ.டி. ஆக 36-உடன் 24 சேர்த்து 60 மணிக்கான கூலி. 65ஏ தினசரி வரம்புக்கும் ஓ.டி. பிரிவுக்குமே விலக்கு தர இடம் கொடுத்தது. விலக்கு கிடைத்தால் 48 மணிக் கூலிதான். அதே உழைப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

வேலைவாய்ப்புக்கு வருவோம். 24 மணி நேரமும் ஆறு நாள் ஓடும் ஒரு மெஷினுக்கு 144 மணி நேர ஆள் வேண்டும். ஆளுக்கு 48 என்றால் மூன்று பேர். ஷிப்ட் 8 மணியானாலும் 12 மணியானாலும் அது மாறாது. லீவைப் பிடுங்கி ஆறு நாளும் 12 மணி நேரம் வரச் சொல்லும்போதுதான் ஆள் இரண்டாகிறது. ஓ.டி. சேர்த்தும் வாரம் 60 மணிக்கு மேல் கூடாது என்றது 1948 சட்டம்; 72 மணி நேரம் பதிவேட்டில் ஏறாமல்தான் நடந்திருக்கும்.

மாதம் 15,600 ரூபாய் வாங்குபவரை எடுத்துக்கொள்ளுங்கள். 26 நாளால், பிறகு 8 மணியால் வகுத்தால் மணிக்கு 75. மூன்று பேருக்கு வாரம் 10,800 ரூபாய். இரண்டு பேரை 72 மணி நேரம் வைத்து, டபுளை ஒழுங்காகக் கொடுத்தால் 14,400. எந்த முதலாளியும் இதைச் செய்யமாட்டார். சிங்கிள் ஓ.டி. கொடுத்தால் அதே 10,800. கூடவே மூன்றாவது ஆளின் பி.எஃப்., போனஸ், பஸ், கேன்டீன் செலவு அத்தனையும் மிச்சம். ஓ.டி. பணத்துக்கு பி.எஃப். பிடிப்பதில்லை. மூன்றாவது ஆளின் வேலையைக் காப்பாற்றுவது அந்த டபுள்தான்.

டபுள் என்று எழுதிவிட்டே அதைக் கரைக்கவும் முடியும். 1948 சட்டத்தில் ஓ.டி. கணக்குக்கு அடிப்படைச் சம்பளத்தோடு படிகளும் சேர்ந்தன. அதற்குப் பதிலாக 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பில் நாளுக்கு 8 மணி, ஓ.டி.க்கு இருமடங்கு என்றே இருக்கிறது. ஆனால் வீட்டு வாடகைப்படி, பயணப்படி போன்றவை 'ஊதியத்தில்' சேராது. அவை மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி மட்டும் சேரும். 15,600-இல் 7,800 படியாகப் போனால் மணிக்கு 37.50, அதன் இருமடங்கு 75. பழைய சிங்கிள் ரேட்!

சம்பளச் சீட்டில் முதலில் பார்க்க வேண்டியது ஓ.டி. மணி எத்தனை என்பதை அல்ல. அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து எவ்வளவு, மற்ற படிகள் எவ்வளவு என்று பாருங்கள். சம்பள உயர்வு என்று சொல்லிப் படிகளை மட்டும் ஏற்றினால், ஓ.டி. ரேட் ஒரு பைசாகூட ஏறாமல் இருக்கலாம்.