பெடல் ரப்பர்

"வெறும் 30,000 கிலோமீட்டர்தாங்க ஓடியிருக்கு" என்றார், பழைய காரை விற்க வந்தவர்.

சிவப்பு மாஸ்டா எம்எக்ஸ்-5. இரண்டே சீட். துணிக் கூரையை மடக்கிக் காட்டியதுமே பாதி மனசு சாய்ந்துவிட்டது.

சும்மா குனிந்து பார்த்தேன். கிளட்ச் பெடல் ரப்பரில் வரிவரியாக இருக்க வேண்டிய கோடுகள் இடது ஓரத்தில் தேய்ந்து, வழுவழுவென்று மினுங்கின. 30,000 கிலோமீட்டரில் இவ்வளவு தேயுமா?

டயரின் பக்கவாட்டில் 2315. அதாவது 2015-ஆம் வருஷத்தின் 23-ஆவது வாரத்தில் செய்தது. பட்டன், அதாவது தரையில் படும் வரிப்பள்ளம், ஆழமாகத்தான் இருக்கிறது, ஆனால் ரப்பருக்கு வயசாகிவிட்டது.

பானெட்டில் கை வைத்தால் சூடு! நான் போகும் முன்பே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார். ஆறிக் கிடக்கும் எஞ்சின் முதல் தடவை கிளம்பும்போது வரும் சத்தத்தையும் புகையையும் பார்க்கத்தானே போனேன்.

சர்வீஸ் ரசீது?

"வீட்ல எங்கயோ இருக்குங்க."

என்னைக் கேட்டால், இந்த மாதிரி வண்டிக்குப் பாதி விலையே அந்த ரசீதுக் கட்டுக்குத்தான். நாலு டயர், ஒரு கிளட்ச் செலவைக் கழித்து ஒரு தொகை சொன்னேன். மனுஷன் முகமே மாறிவிட்டது.

"நாளைக்குக் காலையில வர்றேன், அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

கண்ணுக்குள் இன்னும் அந்தக் கூரை மடங்கிக்கொண்டே இருக்கிறது.